உள்ளூர் 5.1 ஆம்ப் + 4கே டிவி: எந்த வயரைப் போட்டா பின் ஸ்பீக்கரில் நிஜமான சரவுண்ட் வரும்?

பவானிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஹாலில் 43 இன்ச் 4கே டிவி இருக்கு. ஈரோட்டில் ஒருத்தர்கிட்ட ஆர்டர் கொடுத்து அசெம்பிள் பண்ணி வாங்கின 5.1 ஆம்ப், 5 இன்ச் ஸ்பீக்கர் ஐந்து, 10 இன்ச் சப் ஊஃபர் ஒன்று. டிவியோட ஹெட்போன் ஓட்டையிலிருந்து சிவப்பு-வெள்ளை வயர் இழுத்து ஆம்புக்குக் கொடுத்திருக்கேன். ஆறும் பாடுது. ஆனா படம் பார்க்கும்போது முன்னாடி என்ன வருதோ அதேதான் பின்னாடியும் வருது. தியேட்டரில் மழை பின்பக்கம் தனியா பெய்யுமே, அந்த மாதிரி ஒண்ணும் இல்லை.

ஆம்ப் பின்பக்கம் ஆப்டிகல், கோஆக்சியல், எச்டிஎம்ஐ ஏஆர்சி மூணும் இருக்கு. பக்கத்தில் ஆறு ஆர்சிஏ ஓட்டை (சிவப்பு-வெள்ளை வயர் செருகுற மாதிரி வட்ட ஓட்டை) வரிசையா, மேலே ‘5.1 இன்புட்’னு எழுதியிருக்கு. டிவியில் மூணு எச்டிஎம்ஐ, அதில் ஒண்ணில் மட்டும் ஏஆர்சின்னு போட்டிருக்கு. ஆப்டிகல் அவுட்டும் உண்டு.

ஃபயர் ஸ்டிக்கில் சில படங்களுக்கு டால்பி அட்மாஸ்னு (தலைக்கு மேலேயிருந்தும் சத்தம் வர்ற ரகம்) காட்டுது. பென்டிரைவில் இருக்கிற சில படங்களுக்கு டிவியில் படம் ஓடுது, சத்தம் வரலை, ‘ஆடியோ ஃபார்மேட் சப்போர்ட் இல்லை’ன்னு வருது.

கடையில் கேட்டா, தங்க முலாம் பூசின ஆப்டிகல் வயர் 1,800 ரூபாய், அதைப் போட்டாத்தான் அட்மாஸ் வரும்னு சொல்றாங்க. வாங்கலாமா? பரணில் பழைய டிவிடி பிளேயர் ஒண்ணு கிடக்கு. அதை எடைக்குப் போட்டுடலாமா?

பழைய_டிரான்சிஸ்டர்:

தம்பி, அந்த வயரை வாங்காதீங்க. டிவிடி பிளேயரையும் எடைக்குப் போடாதீங்க, இன்னைக்குச் சாயங்காலமே அது உங்களுக்கு வேணும்.

கோவையில் ஆம்ப் சர்வீஸ் பண்றேன். 4440 ஐசி போர்டு ஓடின காலத்திலிருந்து இதே மேசை, இதே சால்டரிங் அயர்ன். ‘ஆறும் பாடுது, ஆனா சரவுண்ட் இல்லை’ன்னு வர்ற செட்டுகளில் பெரும்பாலும் ஆம்ப் நல்லாத்தான் இருக்கும். உள்ளே போற சிக்னலே ரெண்டு சேனல்தான். சிவப்பு வலது, வெள்ளை இடது, அவ்வளவுதான். அந்த ரெண்டிலிருந்து போர்டுதான் ஆறா பிரிச்சுக் கொடுக்குது.

எப்படிப் பிரிக்குதுன்னு காதாலேயே கண்டுபிடிக்கலாம். ஆம்பை ஆஃப் பண்ணிட்டு முன் ரெண்டையும் சென்டரையும் கழட்டிடுங்க. பின் ஸ்பீக்கர் மட்டும் இருக்கட்டும். இப்போ ஆன் பண்ணி, ஒருத்தரே பாடின ஒரு சினிமாப் பாட்டைப் போடுங்க. பாடுறவர் குரல் ரெண்டு சேனலிலும் ஒரே அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். குரல் மங்கிப்போய் வயலினும் எக்கோவும் மட்டும் மிதந்து வந்தா, போர்டு இடதிலிருந்து வலதைக் கழிச்சு பின்னாடி கொடுக்குதுன்னு அர்த்தம். நம்ம ஊரில் புரோலாஜிக் போர்டுன்னு விக்கிறதில் பலதும் செய்யுறது இதைத்தான். ரெண்டிலும் சமமா இருக்கிறது கழிச்சதும் காணாமப் போயிடும். குரல் முழுசா, முன்னாடி மாதிரியே வந்தா, அது வெறுமனே பேரலலா இழுத்துக் கொடுத்தது. நீங்க சொல்றதைப் பார்த்தா உங்களுது ரெண்டாவது ரகம். ரெண்டில் எதுவா இருந்தாலும் சவுண்ட் இன்ஜினியர் பின்னாடிக்குன்னு தனியா வச்ச மழை உங்க ஹாலுக்கு வந்து சேராது.

நிஜமான 5.1 வேணும்னா ரெண்டே வழி. ஒண்ணு, சுருக்கி வச்ச டிஜிட்டல் சவுண்டைப் பார்சல் பிரிக்காம அப்படியே ஆம்ப் வரைக்கும் கொண்டுவந்து, ஆம்பில் இருக்கிற டிகோடர் போர்டு பிரிக்கணும். இல்லைன்னா, முன்னாடியே வேற ஒரு பெட்டி பிரிச்சு ஆறு தனி வயரில் ஆறு சேனலாக் கொடுக்கணும். உங்க செட்டில் டிவியே பார்சலைப் பிரிச்சு, ரெண்டாச் சுருக்கி, ஹெட்போன் ஓட்டை வழியா அனுப்பிட்டிருக்கு. வயரை மாத்துறதுக்கு முன்னாடி, இந்தப் பிரிக்கிற வேலை எந்தப் பெட்டியில் நடக்குதுன்னு பார்க்கணும். எனக்கு எப்பவும் முதல் கேள்வி அதுதான்.

இப்போ அந்த டிவிடி பிளேயர். பின்பக்கம் திருப்பிப் பாருங்க. முன் ரெண்டு, சென்டர், சப், பின் ரெண்டுன்னு ஆறு ஆர்சிஏ ஓட்டை இருந்தா அதுக்குள்ளேயே டிகோடர் இருக்குன்னு அர்த்தம். மஞ்சள் வயரை டிவிக்குக் கொடுங்க, ஆறு ஓட்டையையும் ஆம்போட ‘5.1 இன்புட்’டுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தாமக் கொடுங்க. பிளேயர் மெனுவில் ஸ்பீக்கர் செட்டப்புக்குப் போய் டவுன்மிக்ஸை ஆஃப் பண்ணுங்க. அது ‘ஸ்டீரியோ’ன்னு இருந்தா எல்லாம் ரெண்டாகிடும். 5 இன்ச் ஸ்பீக்கருக்கு அளவு ‘ஸ்மால்’னு வைங்க, அப்பத்தான் அடி சத்தம் சப்புக்குப் போகும். சப் ஊஃபரை ஆன் பண்ணுங்க.

டிஸ்க்கும் முக்கியம். உறையோட பின்பக்கம் கீழே டால்பி டிஜிட்டல் 5.1ன்னு அச்சாகியிருக்கிற ஒரிஜினல் டிவிடியா எடுங்க. ஒரே டிஸ்க்கில் மூணு படம்னு பஸ் ஸ்டாண்டில் வித்தது பெரும்பாலும் ரெண்டு சேனல்தான். டிவிடியில் டால்பி டிஜிட்டல் அதிகபட்சம் விநாடிக்கு 448 கிலோபிட். இந்தக் காலத்துக்கு அது சின்ன எண்தான், ஆனா ஆறு சேனலும் தனித்தனியா இருக்கும். ஒரு பைசா செலவில்லாம உங்க ஆம்பால் என்ன முடியும்னு கேட்டுடலாம். பட விஷயத்தில் மட்டும் எதிர்பார்ப்பு வேண்டாம். மஞ்சள் வயரில் வர்றது 576 வரிதான், 4கே டிவியில் அது கலங்கித்தான் தெரியும்.

அடுத்து ஆப்டிகல். அது உள்ளே ஓடுறது வெளிச்சம். முனையில் தங்கம் பூசினா வெளிச்சத்துக்கு ஒரு லாபமும் இல்லை. சாதாரண வயர் போதும். ரெண்டு முனையிலும் குட்டியா ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழட்டிட்டுச் செருகுங்க. அதோடயே அழுத்தி சாக்கெட்டை உடைச்சு எடுத்துட்டு வர்றவங்க எத்தனையோ பேர். ஒரு முனையை டிவியில் செருகினா மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரியணும். சுவர் மூலையில் கூர்மையா மடிக்காதீங்க, வளைவா விடுங்க.

ஆப்டிகல் 1983இல் தோஷிபா கொண்டுவந்தது, சிடி காலத்துச் சமாச்சாரம். சுருக்காத பிசிஎம்னா ரெண்டு சேனல், சுருக்கினதுன்னா டால்பி டிஜிட்டல் 5.1 அல்லது அதே மாதிரி இன்னொரு கம்பெனி முறையான டிடிஎஸ் 5.1. அவ்வளவுதான் அதில் போகும். சிடி தர ஸ்டீரியோவுக்கே விநாடிக்கு ஏறக்குறைய 1.4 மெகாபிட் வேணும், அந்த இடத்துக்குள்ளதான் எல்லாம் அடங்கணும். புளூ-ரேயில் வர்ற டால்பி ட்ரூஎச்டி 18 மெகாபிட் வரைக்கும் போகும். அது இந்த வழியா வராது. அட்மாஸும் வராது, வயர் என்ன விலை ஆனாலும்.

ஏஆர்சிங்கிறது டிவி சத்தத்தை எச்டிஎம்ஐ வயரிலேயே ஆம்புக்குத் திருப்பி அனுப்புற வழி, 2009இல் எச்டிஎம்ஐ 1.4ஓட வந்தது. ஆப்டிகல் செய்யுறதை எல்லாம் செய்யும், கூடவே டால்பி டிஜிட்டலோட அடுத்த தலைமுறையான டால்பி டிஜிட்டல் பிளஸையும் கொண்டுபோகும். ஃபயர் ஸ்டிக்கில் வர்ற அட்மாஸ் அந்த பிளஸுக்குள்ளேதான் இருக்கு. ஆனா உங்க ஆம்பில் இருக்கிற டிகோடர் போர்டு? என் மேசைக்கு வர்ற உள்ளூர் போர்டுகளில் பெரும்பாலானது ஏசி-3, அதாவது சாதா டால்பி டிஜிட்டலும், டிடிஎஸும்தான் பிரிக்கும். பிளஸ் போனா கம்முனு இருக்கும், இல்லைன்னா கரகரன்னு இரைச்சல் போடும்.

அதனால நீங்க செய்ய வேண்டியது: டிவி சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட்னு ஒண்ணு இருக்கும். பிசிஎம்னு இருந்தா டால்பி டிஜிட்டலுக்கு மாத்துங்க, அந்தப் பேர் இல்லைன்னா ஆட்டோ. பிளஸை டிவியே சாதா டால்பி டிஜிட்டலா மாத்தி அனுப்பும். பாஸ்த்ரூ வேண்டாம், அது பிளஸை அப்படியே தள்ளிடும், உங்க போர்டுக்குப் புரியாது. டிகோடர் முகப்பில் பிசிஎம்னு எரிஞ்சுட்டிருந்தது டால்பின்னு மாறினா வேலை முடிஞ்சது.

அட்மாஸ் பத்தி ஒரு வார்த்தை. 5.1.2ன்னு எழுதினா தரையில் அஞ்சு, சப் ஒண்ணு, தலைக்கு மேலே ரெண்டு. உங்ககிட்ட இருக்கிறது ஆறு சேனல். அந்தப் படத்தை ஓட்டினா அதுக்குள்ளே இருக்கிற 5.1 ஒழுங்கா வரும், மேலே இருந்து வராது. 43 இன்ச் டிவி வச்ச ஹாலில், ஒழுங்கா அமைஞ்ச 5.1ஐக் கேட்டுட்டு அப்புறம் மேலே யோசிங்க.

மாம்பலம்_மாடி:

நான் வேற பக்கத்திலிருந்து சொல்றேன். இந்த உள்ளூர் போர்டோட மல்லுக்கட்டாம இஏஆர்சி (ஏஆர்சியோட அடுத்த பதிப்பு) இருக்கிற ஏவி ரிசீவர், அதாவது டிகோடரும் ஆம்பும் ஒரே பெட்டியில் இருக்கிறது, ஒண்ணுக்குக் காசு சேர்த்துடறது நல்லது. இஏஆர்சியில் 37 மெகாபிட் வரைக்கும் போகும், ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி எல்லாம் குறையாம வரும். ரிசீவர் கூட ஒரு மைக் கொடுப்பாங்க, உட்கார்ற இடத்தில் வச்சா ஸ்பீக்கர் தூரம், அளவு எல்லாம் தானே போட்டுக்கும். பட்ஜெட் இல்லைன்னா நல்ல சவுண்ட்பார். வயர் தொல்லையே இல்லை.

பழைய_டிரான்சிஸ்டர்:

ரிசீவர் விஷயத்தில் சார் சொல்றது சரி. புளூ-ரே டிஸ்க் வச்சிருக்கிறவங்களுக்கு அதுதான் வழி. ஆனா இஏஆர்சி ரெண்டு பக்கமும் இருக்கணும். தம்பியோட டிவியில் வெறும் ஏஆர்சின்னுதான் போட்டிருக்கு, அப்போ பிளேயரை நேரா ரிசீவரிலேயே செருகினாத்தான் ட்ரூஎச்டி கிடைக்கும்.

சவுண்ட்பாரை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். அஞ்சு பெட்டி ஏற்கெனவே சுவரில் தொங்குது, வயர் ஓடியிருக்கு. பின்னாடி பெட்டியே இல்லாத ஒரு பாருக்காக அதைக் கழட்டி வைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. நம்ம ஊர் அசெம்பிளர் போட்ட டிரான்ஸ்ஃபார்மரும் 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடியும் இருபது வருஷம் கழிச்சும் சர்வீஸ் பண்ற மாதிரி இருக்கும். ஒரு ஐசி போனா எந்த ஊர் ரேடியோ கடையிலும் கிடைக்கும். பார் உள்ளே ஒரே போர்டு, அது போனா மொத்தமும் போச்சு.

எம்கேவி_பிரியன்:

பென்டிரைவ் கேள்வியை எல்லாரும் விட்டுட்டீங்க, அது என் ஏரியா.

எம்கேவி, எம்பி4 எல்லாம் வெறும் உறை. உள்ளே படம் ஒரு வகை, சவுண்ட் ஒரு வகைன்னு தனித்தனியா இருக்கும். கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் திறந்து கோடெக் விவரத்தை, அதாவது எந்த முறையில் சுருக்கியிருக்குன்னு பாருங்க. உங்க டிவி மௌனமா இருக்கிற படங்களில் ஆடியோ டிடிஎஸ்னு இருக்கும்னு நினைக்கிறேன். டிடிஎஸுக்கு லைசென்ஸ் கட்டணம் உண்டு, அதை எடுத்துட்ட டிவிகள் நிறைய. அப்படிப்பட்ட டிவி தானும் பிரிக்காது, சில டிவி ஆப்டிகலுக்கும் அனுப்பாது. உங்க ஆம்ப் போர்டுக்கு டிடிஎஸ் தெரிஞ்சிருந்தும் அது வரைக்கும் போய்ச் சேரவே இல்லை.

கம்ப்யூட்டர் இருந்தா செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு. எஃப்எஃப்எம்பெக்னு இலவச மென்பொருள். படத்தை அப்படியே காப்பி பண்ணிட்டு, ஆடியோவை மட்டும் ஏசி-3ஆ, 640 கிலோபிட்டில் மாத்தச் சொல்லலாம். டால்பி டிஜிட்டலில் அதுக்கு மேலே போக முடியாது. படத்தைத் தொடாததால் தரம் குறையாது, ஒரு முழுப் படமும் சில நிமிஷத்தில் முடிஞ்சுடும். ஆறு சேனலும் ஆறாவே இருக்கும்.

தினமும் இதைச் செய்ய முடியாதுன்னா எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர்னு ஒரு சின்னப் பெட்டி இருக்கு. டிடிஎஸை அப்படியே அனுப்பத் தெரிஞ்ச ஆண்ட்ராய்டு பாக்ஸை அதில் செருகி, அதிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ, ஆம்புக்கு ஆப்டிகல். பல மாடல்களில் பக்கவாட்டில் ‘பாஸ், 2 சேனல், 5.1’னு குட்டி சுவிட்ச் இருக்கும், 5.1இல் வைங்க. 2இல் இருந்தா பாக்ஸ் ஸ்டீரியோதான் அனுப்பும். வாங்கும்போது 4கே 60 (விநாடிக்கு 60 ஃபிரேம்), எச்டிசிபி 2.2 (காப்பி அடிக்காம இருக்கப் போடுற பூட்டு) ரெண்டும் எழுதியிருக்கான்னு பாருங்க. எச்டிசிபி சரியா இல்லைன்னா 4கே படமே வராது, இல்லைன்னா எச்டியா இறங்கிடும்.

படத்தைப் பத்தி ஒரு சின்னக் குறிப்பு. ஃபயர் ஸ்டிக்கை நேரா டிவியிலேயே செருகுங்க, ஆம்ப் வழியா வேண்டாம். பல டிவிகளில் எச்டிஎம்ஐ ஓட்டை ‘ஸ்டாண்டர்ட்’லதான் வரும், செட்டிங்கில் போய் ‘என்ஹான்ஸ்டு’ன்னு மாத்தினாத்தான் 4கே 60 எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதலா வர்ற படம்) முழுசா எடுக்கும். டால்பி விஷன்னு (அதுவும் ஒரு எச்டிஆர் ரகம்) படத்தில் போட்டிருந்தும் டிவியில் வரலைன்னா கவலை வேண்டாம். சாம்சங் டிவிகளில் அது கிடையாது, அவங்க எச்டிஆர்10 பிளஸ் பக்கம். பெரும்பாலான ஆப்களில் எச்டிஆர்10ஆ வந்துடும்.

பவானிக்காரன்:

அண்ணா, டிவிடி பிளேயரில் ஆறு ஓட்டையும் இருந்தது! டவுன்மிக்ஸ் ஸ்டீரியோவில்தான் இருந்தது, ஆஃப் பண்ணேன். ஒரு மழைக் காட்சி போட்டதும் அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போயிட்டாங்க, துணி காயப் போட்டிருக்குன்னு. ரொம்ப நன்றி.

ஆப்டிகல் 250 ரூபாய்க்கு வாங்கினேன், டிவியில் டால்பி டிஜிட்டல் வச்சதும் டிகோடரிலும் டால்பின்னு எரியுது, ஃபயர் ஸ்டிக்கும் ஆறிலும் பிரிஞ்சு வருது. பென்டிரைவ் படங்களைப் பார்த்தேன், பிரியன் சொன்ன மாதிரி எல்லாமே டிடிஎஸ்தான். ஒண்ணை ஏசி-3ஆ மாத்திட்டேன், இப்போ பாடுது.

இன்னும் ரெண்டு விஷயம் உறுத்துது. பின்பக்கம் இடதிலும் வலதிலும் ஒரே சத்தம் வரும்போது நடுவில் நிக்காம எங்கேயோ காத்தில் பரவுது, அடியும் இல்லை. அப்புறம் பேச்சு வரும்போது உதடு முன்னே போகுது, சத்தம் பின்னே வருது. ஆப்டிகலில் மட்டும்தான் இப்படி, டிவிடியில் இல்லை.

பழைய_டிரான்சிஸ்டர்:

அம்மாவே நல்ல டெஸ்ட் சொல்லிட்டாங்க தம்பி, சந்தோஷம்.

முதல் விஷயம், பின் ரெண்டில் ஒண்ணு பிளஸ்-மைனஸ் மாறியிருக்குன்னு நினைக்கிறேன். ரெண்டு ஸ்பீக்கரோட கோனும் (நடுவில் அசையுற கூம்பு) எதிரெதிரா அசைஞ்சா ஒண்ணோட காத்தை இன்னொண்ணு தின்னுடும், முதலில் போறது அடி சத்தம்தான். ஆம்பை ஆஃப் பண்ணி, ஸ்பீக்கர் வயரை ஆம்ப் பக்கம் கழட்டுங்க. 1.5 வோல்ட் பேட்டரி செல் ஒண்ணு எடுத்து, பிளஸ்ஸுன்னு நீங்க நினைக்கிற வயரைச் செல்லோட மூக்கிலும் மத்ததை அடியிலும் ஒரு நொடி தொட்டு எடுங்க. வலையைக் கழட்டிட்டு கோனைப் பார்த்துட்டே தொடணும். வெளியே தள்ளினா சரி, உள்ளே இழுத்தா மாறியிருக்கு. அஞ்சையும் இப்படியே பார்த்துடுங்க. சென்டரை விட்டுடாதீங்க, வசனம் முழுக்க அதில்தான் இருக்கு. கோடு போட்ட வயர் எப்பவும் மைனஸ்னு ஒரே முறையா வச்சுக்கிட்டா அப்புறம் குழப்பம் வராது.

உதடு விஷயம், டிவி பிளஸை டால்பி டிஜிட்டலா மாத்துறதுக்கு எடுத்துக்கிற நேரம். டிவியில் ஏவி சிங்க், இல்லைன்னா டிஜிட்டல் அவுட் டிலேன்னு ஒரு செட்டிங் இருக்கும். அதை ஆட்டோவிலிருந்து எடுத்து, பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க. அப்பவும் உதடு முன்னே போனா, படத்தை அழகுபடுத்துற வேலை எல்லாம் அணைச்ச கேம் மோடில் டிவி இருக்கான்னு பாருங்க, இருந்தா அதை எடுத்துடுங்க. அந்த மோடில் படம் இன்னும் சீக்கிரம் வந்துடும். ஃபயர் ஸ்டிக்கிலேயே டால்பி டிஜிட்டல்னு தேர்வு பண்ற வசதி இருந்தா அங்கேயே மாத்திடுங்க, டிவிக்கு ஒரு வேலை குறையும்.

இன்னொண்ணு, நீங்க கேட்கலை. சோபாவுக்கும் முன் ஸ்பீக்கருக்கும் எத்தனை அடி, பின் ஸ்பீக்கருக்கு எத்தனை அடி? டிகோடரில் சரவுண்ட் டிலே இருக்கா?

பவானிக்காரன்:

பின் இடதுதான் அண்ணா, கோன் உள்ளே இழுத்துச்சு. மாத்திட்டேன், பின்னாடி இப்போ கெட்டியா இருக்கு. ஏவி சிங்க் ஆட்டோவில்தான் இருந்தது, எடுத்ததும் உதடும் சேர்ந்துடுச்சு. முன்னாடி 10 அடி, பின்னாடி 5 அடி இருக்கும். டிகோடர் மெனுவில் சரவுண்ட் டிலே இருக்கு, பூஜ்யம்னு காட்டுது.

பழைய_டிரான்சிஸ்டர்:

அஞ்சு அடி வித்தியாசம், ஒன்றரை மீட்டர். சத்தம் ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர்தான் போகும், அப்போ பின் ஸ்பீக்கர் சத்தம் நாலரை மில்லிசெகண்ட் முன்னாடியே காதுக்கு வந்துடுது. சரவுண்ட் டிலேயை 5இல் வைங்க. பின் பெட்டிகள் முதுகுக்கு நேர் பின்னால இல்லாம, நேரா பார்த்து உட்கார்ந்தா முகத்திலிருந்து 100 முதல் 120 டிகிரி திரும்பின இடத்தில் இருக்கணும், காதுக்குக் கொஞ்சம் மேலே. சென்டரை மத்ததைவிட ரெண்டு புள்ளி கூட்டுங்க, ராத்திரி சத்தம் குறைச்சு வச்சாலும் வசனம் புரியும்.